மருத்துவர் வராத ஊர்களில் மருத்துவம் பார்ப்பது யார்?

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் வாயிலை ஒட்டிய நடைபாதையிலும், எதிரேயுள்ள சப்தர்ஜங் மருத்துவமனைக்குச் செல்லும் சுரங்க வழியிலும் ஆண்டு முழுவதும் மக்கள் படுத்துக் கிடக்கின்றனர். டிசம்பர் குளிரிலும் இக்கூட்டம் குறைவதில்லை. பிகார், கிழக்கு உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம் என்று இரண்டு நாள் ரயில் பயணம் செய்து வந்தவர்கள் இவர்கள். கையில் ஒரு துணி மூட்டை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, எக்ஸ்ரே படங்கள் வைத்த ஒரு பிளாஸ்டிக் பை. முதல் நாள் சீட்டு கிடைக்கும். பரிசோதனைக்கு வேறொரு நாள் குறிப்பார்கள். அறுவை சிகிச்சை என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊருக்குத் திரும்பி மறுபடி வருவதற்கு ஆகும் செலவை எண்ணிப் பலர் நடைபாதையிலேயே தங்கிவிடுகின்றனர்.

இவர்களில் பலருடைய நோய் தில்லியில் தொடங்கியிருக்க வேண்டிய நோயே அல்ல. இதய வால்வு பழுதுபட்டு வரும் இளம் பெண்ணை எடுத்துக் கொள்வோம். சிறு வயதில் வந்த தொண்டைப் புண்ணும், அதைத் தொடர்ந்து வந்த மூட்டு வலிக் காய்ச்சலும் கவனிக்கப்படாமல் விடப்பட்டதன் விளைவு அது. அப்போதே நோயைக் கண்டறிந்து, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசியைத் தொடர்ந்து போட்டிருந்தால் அந்த வால்வு பெரும்பாலும் தப்பியிருக்கும். ஊசியின் விலை சில பத்து ரூபாய்தான். ஆனால், இது இன்ன நோய் என்று சொல்லவும், மூன்று வாரம் கழித்து மறுபடி வா என்று அழைக்கவும் ஊரில் ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர் யாராக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு நாடு விடுதலையடைந்த நாளிலிருந்து தில்லியால் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை.

எதிர்த் திசையில் ஒரு பயணம்

இந்த மக்கள் எங்கிருந்து புறப்பட்டு வருகிறார்களோ அந்த இடத்துக்கே போய்விடுவது என்று, எய்ம்ஸில் பயின்ற சில இளம் மருத்துவர்கள் 1990-களின் இறுதியில் தீர்மானித்தனர். யோகேஷ் ஜெயின், ராமன் கட்டாரியா, அனுராக் பார்கவா உள்ளிட்ட அந்தக் குழுவினர் தேர்ந்தெடுத்த ஊர் பிலாஸ்பூரிலிருந்து சுமார் 20 கிலோ மீட்டர் தொலைவிலுள்ள கனியாரி. பாசனத் துறையினர் கைவிட்டுச் சென்ற குடியிருப்பு ஒன்றைப் பெற்று, 2000-ஆம் ஆண்டில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற பெயரில் மருத்துவமனையைத் தொடங்கினர். அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்திலிருந்து பிரிந்து சத்தீஸ்கர் தனி மாநிலமாயிற்று.

கனியாரிக்கு நோயாளிகள் பிலாஸ்பூர் மாவட்டத்திலிருந்து மட்டும் வரவில்லை. அச்சானக்மார் காட்டுக்குள் இருக்கும் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து நடந்தும் கட்டிலில் சுமந்தும் கொண்டுவரப்பட்டனர். வந்தவர்களைப் பரிசோதிப்பதற்கு முன் எடை பார்த்தபோதே பாதி நோய் தெரிந்துவிட்டது எனலாம். 2004 முதல் 2009 வரை அங்கே சிகிச்சைக்கு வந்த 1,695 காசநோயாளிகளின் எடையைக் கணக்கிட்டு அனுராக் பார்கவாவும் அவருடைய சகாக்களும் 2013-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். ஆண்களின் நடுத்தர எடை 42.1 கிலோ; பெண்களின் எடை 34.1 கிலோ. வளர்ந்த பெண்ணொருத்தியின் எடை இது. பதினோரு, பன்னிரண்டு வயதுச் சிறுமியின் எடையோடுதான் அந்தப் பெண்கள் வயலிலும் காட்டிலும் வேலை செய்து கொண்டிருந்தனர்.

மாத்திரை மட்டும் இவர்களைப் பிழைக்க வைக்காது என்பது கனியாரி கற்றுத் தந்த பாடம். பின்னாளில் பார்கவா குழுவினர், சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் பங்கேற்புடன், ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் பெரிய அளவிலான ஆய்வொன்றை நடத்தினர். காசநோயாளிக்கு மாதம் 10 கிலோ உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. ஒரு பகுதியினரின் வீடுகளில் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மேலும் 5 கிலோ அரிசியும் அதோடு பருப்பும் கொடுக்கப்பட்டன. அரிசியும் பருப்பும் பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தொற்றுவது 39 சதவீதம் குறைந்தது. 2023-இல் லான்செட் இதழ் வெளியிட்ட இந்த முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. காசநோயாளிகளுக்கு மத்திய அரசு 2018 முதல் மாதம் ரூ. 500 ஊட்டச்சத்து உதவித் தொகை வழங்கி வந்தது. 2024 நவம்பரில் அது ரூ. 1,000 ஆக உயர்த்தப்பட்டது.

மிதானின் என்னும் தோழி

புதிய மாநிலம் பிறந்தபோது அதற்குச் சீதனமாகக் கிடைத்தது ராய்ப்பூரில் இருந்த ஒரே ஒரு மருத்துவக் கல்லூரி. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் பழங்குடியினர். நான்கில் மூன்று பங்குக்கு மேல் கிராமவாசிகள். மருத்துவர்களை உருவாக்கி அனுப்பும் வரை காத்திருக்க முடியாது என்பதை அப்போதைய ஆட்சியாளர்கள் உணர்ந்தனர். தன்னார்வத் தொண்டு நிறுவனங்களையும் கலந்து பேசி 2002-இல் மிதானின் திட்டம் தொடங்கப்பட்டது.

சத்தீஸ்கர் கிராமங்களில் இரு பெண்கள் சடங்கு முறையில் தோழமை பூண்டு அதை ஆயுள் முழுவதும் காக்கும் வழக்கம் உண்டு. அத்தோழிக்குப் பெயர் மிதானின். அந்தப் பெயரையே சுகாதாரத் தொண்டருக்கும் சூட்டினர். ஊருக்கு ஒருவர் என்றில்லாமல் குடியிருப்புக்கு ஒருவர் என அந்தந்தப் பகுதி மக்களே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தனர். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் தேர்வாயினர். சில ஆண்டுகளில் அவர்களின் எண்ணிக்கை 60,000-ஐ எட்டியது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உப்புச் சர்க்கரைக் கரைசல், காய்ச்சல் என்றால் மலேரியாவுக்கான ரத்தப் பரிசோதனை, பிறந்த குழந்தைக்கு முதல் மணி நேரத்தில் தாய்ப்பால் ஆகியவை அவர்களின் பணி. ரேஷன் கடை திறக்கவில்லை, அங்கன்வாடிக்கு உணவு வரவில்லை என்று கேள்வி கேட்பதையும் அவர்கள் தமது பணியாகவே கொண்டனர்.

தில்லி இதைக் கவனித்தது. 2005 ஏப்ரல் 12-இல் தொடங்கப்பட்ட தேசிய ஊரக சுகாதார இயக்கத்தில் ஆயிரம் பேருக்கு ஒருவர் வீதம் நியமிக்கப்பட்ட 'ஆஷா' பணியாளருக்கு மிதானின் ஒரு முன்மாதிரி. இன்று நாடெங்கும் ஏறத்தாழ பத்து லட்சம் ஆஷாக்கள் உள்ளனர். கொரோனா காலத்தில் வீடு வீடாகச் சென்ற இவர்களை உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் விருதளித்துச் சிறப்பித்தது. ஆனால், அரசின் ஆவணங்களில் இவர்கள் இன்றும் ஊழியர்கள் அல்லர், தொண்டர்கள். செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே ஊக்கத்தொகை உண்டு, ஊதியம் கிடையாது. வழக்கமான பணிகளுக்கென மாதம் ரூ. 2,000 என்று 2018-இல் நிர்ணயிக்கப்பட்ட தொகையை ரூ. 3,500 ஆக உயர்த்த 2025-இல்தான் மத்திய அரசு முடிவு செய்தது. இவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியம் வழங்க வேண்டும் என 2013-இல் கூடிய 45-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒருசேர அமர்ந்து செய்த அந்தப் பரிந்துரை கிடப்பில் உள்ளது. சுகாதாரத்தில் நாட்டுக்கே வழிகாட்டி எனப்படும் கேரளத்திலும் 2025 பிப்ரவரியில் ஆஷாக்கள் தலைமைச் செயலகத்தின் முன் அமர்ந்தனர். போராட்டம் பல மாதங்கள் நீடித்தது.

வாசல் வரை வந்த தாய்மார்கள்

மிதானின்களும் ஆஷாக்களும் செய்து காட்டியதை எண்கள் சொல்கின்றன. 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வின்போது சத்தீஸ்கரில் நூற்றுக்கு 14 பிரசவங்களே மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. 2019-21 ஆய்வில் அது 86-ஐ நெருங்கியது. பிரசவத்துக்கு மருத்துவமனைக்கு வரும் கிராமப்புறத் தாய்க்கு ரூ. 1,400, அழைத்து வரும் ஆஷாவுக்கு ஒரு தொகை என்ற ஜனனி சுரக்ஷா திட்டமும், அழைத்தால் வரும் ஆம்புலன்ஸும் இதற்குக் கைகொடுத்தன. பதினைந்தே ஆண்டுகளில் தலைமுறை வழக்கமொன்று தலைகீழாக மாறியது. எந்த நாட்டுக்கும் பெருமை தரக்கூடிய மாற்றம் இது.

எனினும், 2018-20 காலகட்டத்தில் சத்தீஸ்கரில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 137 தாய்மார்கள் இறந்தனர். நாட்டின் சராசரி 97, தமிழகத்தில் 54, கேரளத்தில் 19. தாய்மார்கள் மருத்துவமனை வாசல் வரை வந்துவிட்டனர். உள்ளே அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டிய மகளிர் நல மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், ரத்தம் ஆகிய மூன்றும் வரவில்லை.

சமுதாய சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் அறுவை சிகிச்சை, மகப்பேறு, பொது மருத்துவம், குழந்தை நலம் என நான்கு நிபுணர்கள் இருக்க வேண்டும் என்பது விதி. 2022 மார்ச் 31 நிலவரப்படி நாட்டின் ஊரகப் பகுதிகளில் இத்தகைய 5,480 நிலையங்கள் இருந்தன. தேவைப்பட்ட நிபுணர்கள் 21,920 பேர். பணியில் இருந்தவர்கள் 4,485 பேர். அதாவது ஐந்து இடங்களில் நான்கு இடங்களில் ஆளில்லை. மத்திய சுகாதார அமைச்சகமே வெளியிட்ட கணக்கு இது.

ரத்தத்தின் கதை இன்னும் விசித்திரமானது. எய்ட்ஸ் பரவலைத் தொடர்ந்து உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்புக்குப் பின் ரத்த வங்கிகளுக்கான விதிகள் இறுக்கப்பட்டன. பணத்துக்காக ரத்தம் விற்பது ஒழிந்தது, வேண்டிய சீர்திருத்தம்தான். அதே வேளையில், உரிமம் பெற்ற வங்கிக்கு வெளியே, அவசரத்துக்கு ஒரு கொடையாளியிடம் ரத்தம் எடுத்து, அங்கேயே பரிசோதித்து, உடனே நோயாளிக்கு ஏற்றும் முறையும் சட்டவிரோதமாயிற்று. குளிர்சாதன அறை, தனிக் கட்டடம், பயிற்சி பெற்ற மருத்துவர் என்ற நிபந்தனைகளைக் காட்டோரச் சிறு மருத்துவமனைகள் நிறைவேற்ற இயலாது. உதிரப்போக்கில் கிடக்கும் தாய்க்காகப் பக்கத்து அறையில் கணவனும் சகோதரனும் கையை நீட்டியபடி நின்றாலும் மருத்துவர் கைகட்டி நிற்க வேண்டும். அல்லது சட்டத்தை மீற வேண்டும். இதற்கு மாற்று வழி வேண்டும் என்று கனியாரி மருத்துவர்கள் உள்ளிட்ட ஊரக மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லைப் பகுதிகளிலும் தொலைவிடங்களிலும் உள்ள ராணுவத்தின் சிறிய மருத்துவமனைகளுக்கு அவசர காலத்தில் இவ்வாறு ரத்தம் ஏற்ற அதே விதிகளில் விலக்கு உண்டு. சிப்பாய்க்குப் பொருந்தும் நியாயம் சிப்பாயின் தாய்க்கு ஏன் பொருந்தவில்லை என்பதற்கு அமைச்சகத்தின் கோப்புகளில்தான் விடை தேட வேண்டும்.

இலக்கு வைத்து இயங்கும் அரசு எந்திரத்துக்குள் தோழியைக் கொண்டு வைப்பதில் உள்ள ஆபத்தும் இதே பிலாஸ்பூர் மாவட்டத்தில்தான் வெளிப்பட்டது. 2014 நவம்பர் 8-ஆம் தேதி, தகத்பூர் வட்டாரத்தில், பயன்பாட்டில் இல்லாத தனியார் மருத்துவமனைக் கட்டடமொன்றில் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் நடந்தது. ஒரே நாளில், சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. அடுத்த சில நாள்களில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தனர். பெரும்பாலோர் இளம் தாய்மார்கள், ஏழைகள். முகாமுக்குப் பெண்களை அழைத்து வருவோருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தொகை தரப்படுவது நாடெங்கும் நடைமுறை. தன் குடியிருப்புப் பெண்களின் நம்பிக்கையைப் பெற்ற ஒருத்தியின் வாழ்வாதாரம் அந்தத் தலைக்கணக்கோடு பிணைக்கப்பட்டிருந்தது. பிகாரின் அராரியா மாவட்ட முகாம் ஒன்றைப் பற்றித் தேவிகா பிஸ்வாஸ் தொடர்ந்திருந்த வழக்கில், பிலாஸ்பூர் சம்பவத்தையும் கருத்தில் கொண்ட உச்ச நீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் கைவிடுமாறு 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது.

விஷமுறிவு மருந்தின் பயணம்

மருந்து இருந்தும் மனிதர் இல்லாததால் உயிர் போகும் இன்னொரு களம் பாம்புக்கடி. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்பு கடித்து இறந்தோர் சுமார் 12 லட்சம் பேர் என 2020-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 உயிர்கள். அவர்களில் பெரும்பான்மையோர் கிராமங்களில், பெரும்பாலும் மழைக்காலத்தில், மருத்துவமனையை அடையாமலே இறந்தவர்கள்.

இவர்களைக் காக்கும் மருந்தின் தொடக்கம் தமிழகத்தில் இருக்கிறது. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் நாட்டின் விஷமுறிவு மருந்து உற்பத்திக்குத் தேவையான விஷத்தைப் பெருமளவில் வழங்கி வருகிறது. பழங்குடியினர் எடுத்துத் தரும் விஷம் மருந்துத் தொழிற்சாலைகளுக்குச் சென்று, குதிரைகளின் உடலில் செலுத்தப்பட்டு, மருந்தாகி, குப்பிகளில் அடைக்கப்பட்டு, நாட்டின் மறுகோடியிலுள்ள இன்னொரு பழங்குடி கிராமத்துக்கு அருகில் வந்து சேர்கிறது. அந்தக் கடைசி முப்பது கிலோ மீட்டரைத்தான் அதனால் கடக்க முடிவதில்லை. மருந்தை ஏற்றும்போது ஒவ்வாமை ஏற்பட்டால் சமாளிக்கத் தெரிந்தவர் இருக்க வேண்டும். அவர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையம், மருந்து கையிருப்பில் இருந்தாலும், 'மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார்' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறது. கட்டுவிரியன் கடித்தவருக்கு மூச்சுத் தசைகள் செயலிழக்கச் சில மணி நேரமே போதும்.

எல்.எம்.பி. டாக்டரை ஒழித்தது யார்?

அந்த ஒருவர் யார் என்ற கேள்விக்கு விடுதலைக்கு முன் நாட்டில் ஒரு விடை இருந்தது. தமிழகத்தின் மூத்த தலைமுறையினர் எல்.எம்.பி. டாக்டர்களை மறந்திருக்க மாட்டார்கள். பின்னாளில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த ராயபுரம் மருத்துவப் பள்ளி போன்ற இடங்களில், எம்.பி.பி.எஸ்.ஸைவிடக் குறுகிய காலப் படிப்பை முடித்து உரிமம் பெற்றவர்கள் அவர்கள். சுகாதார சேவையின் எதிர்காலத்தைத் திட்டமிட அமைக்கப்பட்ட போர் குழு 1946-இல் அறிக்கை அளித்தபோது, நாட்டிலிருந்த ஏறத்தாழ 47,500 மருத்துவர்களில் சுமார் 30,000 பேர் இத்தகையோரே. குழுவில் இடம்பெற்றிருந்தவர்களுள் ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரும் ஒருவர். இனி நாட்டில் ஒரே வகை மருத்துவர்தான், அவர் முழுப் பட்டம் பெற்றவராகவே இருக்க வேண்டும் என்று குழு முடிவு செய்தது. உறுப்பினர்கள் சிலர் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தபோதிலும் பெரும்பான்மையின் முடிவே நின்றது. உயர்ந்த நோக்கத்துடன் எடுக்கப்பட்ட முடிவு அது. கிராமத்தானுக்கும் நகரத்தானுக்கும் ஒரே தரம் என்ற சமத்துவ எண்ணம் அதில் இருந்தது. ஆனால், முழுப் பட்டம் பெற்றவர் கிராமத்துக்குப் போவார் என்ற நம்பிக்கை பொய்த்தது.

சத்தீஸ்கர் 2001-இல் அந்தப் பழைய ஏட்டைத் திரும்பப் புரட்டியது. தனிச் சட்டம் இயற்றி மூன்றாண்டு மருத்துவப் படிப்பைத் தொடங்கியது. இந்திய மருத்துவக் கவுன்சில் ஏற்கவில்லை; மாநிலம் தனக்கென ஒரு மன்றத்தை அமைத்துக் கொண்டது. அவசர கோலத்தில் தனியாரிடம் விடப்பட்ட கல்லூரிகள், போதாத வசதிகள், நடுவழியில் மாற்றப்பட்ட பட்டத்தின் பெயர், மாணவர் போராட்டங்கள், வழக்குகள் என்று தொடக்கம் முதலே குளறுபடி. சில ஆண்டுகளிலேயே மாணவர் சேர்க்கை நிறுத்தப்பட்டது. அதற்குள் சேர்ந்துவிட்ட ஏறத்தாழ 1,400 பேர் படிப்பை முடித்து வெளியே வந்தபோது அவர்களை என்ன செய்வதென்று அரசுக்குத் தெரியவில்லை. 2008 முதல் ஊரக மருத்துவ உதவியாளர் என்ற பெயரில், யாருமே போகாத ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

அவர்கள் போனார்கள்; அங்கேயே இருந்தார்கள். பெரும்பாலோர் அம்மாநிலத்துச் சிற்றூர்க்காரர்கள் என்பதும், அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு வேறெங்கும் போக முடியாது என்பதும் காரணமாக இருக்கலாம். 2010-இல் இந்தியப் பொதுச் சுகாதார அறக்கட்டளையின் ஆய்வாளர்கள், தேசிய, மாநில சுகாதார வள மையங்களுடன் சேர்ந்து இவர்களின் திறனைச் சோதித்தனர். மலேரியா, வயிற்றுப்போக்கு, நிமோனியா, காசநோய், கர்ப்பகாலக் கோளாறு போன்ற அன்றாட நோய்களைக் கையாள்வதில் எம்.பி.பி.எஸ். மருத்துவருக்கு இவர்கள் இளைத்தவர்கள் அல்லர் என்பது தெரியவந்தது.

இந்திய மருத்துவர் சங்கம் இத்தகைய படிப்புகளைத் தொடர்ந்து எதிர்த்து வந்துள்ளது. கிராமத்து ஏழைக்கு மட்டும் அரை மருத்துவரா என்ற அதன் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அரசு மருத்துவமனைகளில் காலியிடங்களை நிரப்பாமலும், ஒப்பந்த ஊதியத்தில் இளம் மருத்துவர்களை வாட்டியும் வரும் அரசுகள் குறுக்கு வழி தேடுகின்றன என்ற குற்றச்சாட்டிலும் உண்மை உண்டு. ஆனால், கிராமத்தில் இன்று முழு மருத்துவருக்கு மாற்றாக நிற்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். இந்தி பேசும் மாநிலங்களில் 'ஜோலா சாப்' என்றழைக்கப்படும் பை தூக்கும் டாக்டர்தான் அவர். எந்தப் படிப்பும் இல்லாதவர், சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ வீட்டுக்கே வருவார், கடனுக்கு ஊசி போடுவார், குளுக்கோஸ் ஏற்றுவார். மத்தியப் பிரதேச கிராமங்களில் மருத்துவம் பார்ப்போரில் 67 சதவீதத்தினருக்கு எந்த மருத்துவத் தகுதியும் இல்லை என்று 2012-இல் வெளியான ஆய்வொன்று கண்டது. மூன்றாண்டு படித்தவரைத் தடுத்த தில்லி, ஒன்றுமே படிக்காதவரைக் கண்டுகொள்ளாமல் விட்டது என்பதே நடைமுறை.

மருத்துவர்களைக் கிராமத்துக்கு அனுப்ப வேறு வழிகளும் இல்லாமல் இல்லை. தமிழகம் அதில் வெகுதூரம் சென்றது. பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனி இயக்குநரகம், 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், மருந்துக் கொள்முதலுக்கு 1994-இல் அமைக்கப்பட்ட தனிக் கழகம் ஆகியவை அதன் தூண்கள். ஆயினும், இளம் மருத்துவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஈர்த்தது அரசுப் பணியிலிருப்போருக்கு முதுநிலைப் படிப்பில் வழங்கப்பட்ட 50 சதவீத ஒதுக்கீடே. கிராமத்தில் சில ஆண்டுகள் பணியாற்றினால் நிபுணராகலாம். நிபுணரானபின் அரசுக்கே திரும்ப வேண்டும். இந்த ஏற்பாடு மருத்துவக் கவுன்சிலின் விதிகளுக்கு முரணானது என்று கூறி, 'நீட்' வந்த காலத்தில் பட்ட மேற்படிப்புகளில் அது தடைபட்டது. ஒதுக்கீட்டுக்குப் பதில் ஊக்க மதிப்பெண் மட்டும் என்றாயிற்று. தமிழக அரசு மருத்துவர்கள் தெருவில் இறங்கிப் போராடியதோடு உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றனர். 2020 ஆகஸ்ட் 31-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, அத்தகைய ஒதுக்கீட்டை வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு எனத் தீர்ப்பளித்தது. தரத்தின் பெயரால் தில்லியில் வகுக்கப்படும் ஒரே விதி, ஒரு மாநிலம் தானே கண்டுபிடித்த வழியை எவ்வளவு எளிதாக அடைத்துவிடக்கூடும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வேறொரு வழியைக் காட்டியது. படிப்பை முடித்தபின் மிஷன் மருத்துவமனைகளில் குறிப்பிட்ட காலம் பணியாற்ற ஒப்புக்கொண்டவர்களை அது சேர்த்துக் கொண்டது. மத்திய இந்தியாவின் சிற்றூர்களில் அதன் பட்டதாரிகளைக் காணலாம்.

மத்திய அரசோ கல்லூரிகளைப் பெருக்குவதில் நம்பிக்கை வைத்துள்ளது. 2014-க்கு முன் 51,348 ஆக இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் இப்போது ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. துணை சுகாதார நிலையங்களில், ஆறு மாதப் பயிற்சி பெற்ற செவிலியர்களைச் சமுதாய சுகாதார அதிகாரிகளாக நியமிக்கும் திட்டமும் நடைபெறுகிறது. 2018 ஏப்ரல் 14-இல் பிரதமர் நரேந்திர மோடி சத்தீஸ்கரின் பீஜாப்பூர் மாவட்டத்து ஜாங்லாவில் இத்தகைய முதல் நிலையத்தைத் திறந்து வைத்தார். 2019-இல் நிறைவேறிய தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளருக்கு வரையறுக்கப்பட்ட உரிமம் வழங்க இடமளித்தது. அதை எதிர்த்து அந்த ஆண்டு ஆகஸ்டில் தில்லி மருத்துவமனைகளின் உறைவிட மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, எய்ம்ஸ் வாயிலில் சீட்டுக்காகக் காத்திருந்த பிகார் நோயாளிகள் மேலும் சில நாள்களை நடைபாதையில் கழித்தனர்.

அசாமும் சத்தீஸ்கரைப் போலவே ஒரு மூன்றாண்டுப் படிப்பைத் தொடங்கியிருந்தது. குவாஹாட்டி உயர் நீதிமன்றம் 2014-இல் அதை ரத்து செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், மருத்துவக் கல்வியின் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கே உரியது என்று கூறி, அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. எனினும், ஏற்கெனவே படித்து முடித்தவர்களைச் சுகாதாரப் பணியாளர்களாக வைத்துக்கொள்ள மாநிலம் 2015-இல் இயற்றிய வேறொரு சட்டத்தை நீதிமன்றம் செல்லுமெனக் கூறியதால், அவர்கள் வேலை இழக்கவில்லை.

சத்தீஸ்கரில் 2001-க்குப் பின் அந்தச் சில ஆண்டுகளில் சேர்ந்த மாணவர்கள் இன்று நாற்பது வயதைக் கடந்துவிட்டனர். பஸ்தரிலும் சர்குஜாவிலும் காட்டை ஒட்டிய ஆரம்ப சுகாதார நிலையங்களில் அவர்கள் காய்ச்சலுக்கு மருந்து தருகின்றனர், பிரசவம் பார்க்கின்றனர். மக்கள் அவர்களை டாக்டர் என்றே அழைக்கின்றனர். அரசுப் பதிவேட்டில் உதவியாளர். அவர்களில் ஒருவர் ஓய்வு பெறும்போதோ பணியை விட்டு விலகும்போதோ அந்த இடத்துக்கு அனுப்ப அதே படிப்பு படித்த இன்னொருவர் கிடையாது.